ஓரம் தைத்த படங்கு

மேல் டிவிசன், கஹவத்தை
6.11.2024

அன்புள்ள சுதர்ஷினி அக்காவுக்கு,

சுகம் விசாரிப்பதற்கு முன்னால் ஒரு சின்ன விஷயம். நீங்கள் தீபாவளி முடிந்து பஸ் ஏறிய அன்று நம் லயத்துக் காம்பரா வீட்டைக் கூட்டும்போதுதான் பார்த்தேன். கதவுக்குப் பின்னால் புதுப் படங்கு ஒன்று தொங்குகிறது. அம்மா இத்தனை வருஷமும் கொழுந்து எடுக்கப் போகும்போது இடுப்பில் கட்டியது சாக்குப் படங்குதான். இது நீலத் தார்ப்பாய். நாலு ஓரமும் மடித்து இரட்டைத் தையல் ஓடியிருக்கிறது. இந்தத் தேயிலைத் தோட்டத்தில் யாரும் படங்குக்கு ஓரம் தைப்பதில்லை. உங்கள் கார்மெண்ட் தையல் என்று பார்த்ததும் தெரிந்துவிட்டது.

அம்மாவிடம் கேட்டேன். "அது இருக்கட்டும். தொடாத" என்று சொல்லிவிட்டுத் தேங்காய் துருவ உட்கார்ந்துவிட்டார். மார்ச் மாதத்தோடு வேலையை விடப் போகிறவருக்குப் புதுப் படங்கு எதற்கு என்று யோசித்தேன். பிறகு புரிந்தது. அம்மா நின்றதும் நீங்கள் திரும்பி வந்து பேர் பதிவீர்களே, அப்போது கட்டிக்கொள்ளத்தானே? முன்கூட்டியே தைத்துக் கொண்டுவந்து மாட்டியிருக்கிறீர்கள். எனக்கு அன்று முழுக்கச் சிரிப்பாகவே இருந்தது.

நான் காம்பராவில் வைத்து விற்கும் சாமான்கள் நன்றாகப் போகின்றன. டவுன் கடை ஹபீலா ராத்தா கொடுத்தனுப்பிய நைட்டிகளில் இரண்டுதான் மிச்சம். நேற்று விஜயகலா அக்கா உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டு, "பேட் ஒரு பக்கெட் குடு புள்ள. டவுன்ல கடைப் பையன் அதப் பேப்பர்ல சுத்துறதுக்குள்ள பஸ் ஸ்டாண்டே பாத்துரும். ஓங்கிட்ட வாங்குனா சாமிக்குக்கூடத் தெரியாது" என்றார். எனக்குப் பேச வராததும் ஒரு வியாபாரத்துக்கு உதவுகிறது.

ஆனால் தோட்டத்து வெல்பெயார் ஐயா மறுபடியும் வந்தார். "கம்பனி காம்பராவுல யாரு கடை வைக்கச் சொன்னா?" என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். சுயதொழில் என்று பதிந்துவிட்டால் யாரும் இப்படிக் கேட்க முடியாது. தோட்டத்து ஆபீசில் பெரிய கிளாக்கரிடம் அதைப் பற்றிப் பேசியதாகச் சொன்னீர்கள். என்ன சொன்னார் என்று அவசரத்தில் கேட்க மறந்துவிட்டேன்.

போனில் கேட்கலாம்தான். இங்கே ஒரு காம்பராவில் கேள்வி கேட்டால் அடுத்த காம்பராவிலிருந்து பதில் வரும். எனக்கோ போனைக் காதில் வைத்தால் "ம்" தவிர ஒன்றும் வராது. கடிதத்தைக் கொழும்பு பஸ் கண்டக்டர் இந்திரகுமார் அண்ணனிடம் கொடுத்தால் அன்றைக்கே அவிசாவளையில் உங்கள் போர்டிங்குக்குப் பக்கத்துக் கடையில் கொடுத்துவிடுகிறார். எழுதினால் நான் நிறையப் பேசுகிறேன், பார்த்தீர்களா?

அம்மாவின் முழங்கால் மழைக்கு வலிக்கிறது. மற்றபடி சுகம். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கை,
நிரஞ்சலா


அவிசாவளை
19.11.2024

என் செல்லத் தங்கை நிருவுக்கு,

நின்று நின்று கால் வீங்கியிருக்கிறது. வேறு குறையில்லை. அம்மாவுக்குக் கோடாலித் தைலம் அனுப்பியிருக்கிறேன், படுக்கும்போது தேய்த்துவிடு.

பெரிய கிளாக்கர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். காம்பரா கம்பனியுடையது என்பதால், அங்கே விற்பனை செய்வதில் ஆட்சேபனை இல்லை என்று தோட்டம் ஒரு கடிதம் தர வேண்டும். அந்த வீட்டிலிருந்து ஒருவர் பேராவது தோட்டத்து வேலைப் பதிவேடான செக்ரோலில் இருந்தால் கடிதம் கிடைக்கும் என்றார். யாரும் வேலைக்கு இல்லாத வீடு என்றால் கடிதமும் இல்லை, காம்பராவும் இல்லை. அது உனக்கும் தெரிந்ததுதான். எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டேன். ஏப்ரலில் உனக்குப் பதினெட்டு முடிந்ததும் சரியாகிவிடும்.

நீ ஆபீசுப் பக்கம் போகாதே. உனக்குப் பேச வராது. அவர் சத்தமாக ஒரு கேள்வி கேட்டால் அழுதுவிடுவாய். நான் இருக்கிறேன், பார்த்துக்கொள்கிறேன்.

படங்கு சுவரில் படாமல் தொங்கட்டும். ஈரம் ஏறும்.

அன்புடன்,
அக்கா


மேல் டிவிசன்
1.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

தைலம் கிடைத்தது. அம்மா இரண்டு நாளாக நொண்டாமல் நடக்கிறார். நீங்கள் சுகம் என்று எழுதினாலும் கால் வீக்கம் என் மனதிலேயே இருக்கிறது. இராத்திரியில் காலைத் தலையணை மேல் வைத்துப் படுங்கள்.

வெள்ளிக்கிழமை ஹபீலா ராத்தா என்னைப் பிரதேச செயலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே இருந்த மிஸ் சிங்களத்தில்தான் பேசினார், ஆனால் அன்பாகப் பேசினார். "கெதர கொம்பனியெங் நேத, நங்கி?" என்றார். ஆமாம், கம்பனி வீடுதான் என்று தலையாட்டினேன். தோட்டத்துக் கடிதத்தோடு வரச் சொன்னார். இன்னொன்றும் சொன்னார். தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்கிறவர்களை இந்தச் சுயதொழில் பதிவில் சேர்க்க மாட்டார்களாம். வெளியே வந்ததும் ராத்தா கேட்டார்: "அப்ப ஒங்க ஊட்டுல தோட்டத்துக்குப் பேர் பதியப் போறது யாரு மகள்?" எங்க அக்கா வருவாங்க என்று சொன்னேன். யோசிக்காமல், திக்காமல் சொன்னேன். எனக்கே ஆச்சரியம்.

கணக்குச் சரியாக இருக்கிறது அக்கா. நீங்கள் மலைக்கு, நான் சாமான்களுக்கு. சாயந்திரம் வந்ததும் உங்கள் காலுக்கு வெந்நீர் வைத்துத் தருவேன்.

தொழிலுக்கு ஒரு பேர் வேண்டும் என்றார் மிஸ். "சுதர்ஷினி சேல்ஸ்" என்று சொல்லிவிட்டு வந்தேன். கோபமில்லையே?

மார்ச்சில் வருவீர்களா, ஏப்ரலிலா? அதை மட்டும் எழுதுங்கள். மேல் பரணைக் காலி செய்து உங்கள் பெட்டிக்கு இடம் பண்ண வேண்டும்.

உங்கள் பதிலைப் பார்த்திருக்கும்,
நிரு


அவிசாவளை
4.1.2025

அன்புள்ள நிருவுக்கு,

புது வருஷம் உனக்கும் அம்மாவுக்கும் நல்லதாகப் பிறந்திருக்கட்டும். பதில் எழுத இவ்வளவு நாளாகிவிட்டது. இங்கே பெரிய ஓடர் வந்திருக்கிறது. லீவு கிடையாது. அதனால் பொங்கலுக்கு வர முடியாது.

தொழிலுக்கு என் பேர் எதற்கு? உன் பேரையே வை. உன் உழைப்பு அது.

ஹெயார் பேண்ட் கொஞ்சம் அனுப்பியிருக்கிறேன். இங்கே சந்தையில் மலிவாகக் கிடைத்தது. நல்ல நிறங்களை முதலில் தொங்கவிடு. அங்கே மழை விட்டதா? இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. அம்மாவின் மருந்தை நிறுத்தாதே.

அன்புடன்,
அக்கா


மேல் டிவிசன்
18.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் இல்லாத பொங்கல் பொங்கிவழிந்தது. வழிந்ததைப் பார்த்துக் குலவை போட உங்களைப் போல ஒரு சத்தமான ஆள் இல்லை. நான் போட்டதை அம்மா கொட்டாவி என்று நினைத்தார்.

மழை விட்டுவிட்டது. ஹெயார் பேண்ட் எல்லாம் விற்றுவிட்டது. மருந்தும் நிறுத்தவில்லை. நீங்கள் கேட்டதற்கெல்லாம் பதில் எழுதிவிட்டேன். நான் கேட்டதற்கு நீங்கள் எழுதவில்லை.

தொந்தரவு செய்வதாக நினைக்க வேண்டாம். அம்மா மலையில் சறுக்கி விழுந்த வருஷம் ஞாபகமிருக்கிறதா? நீங்கள் செக்ரோலிலிருந்து பேரை வெட்டிக்கொண்டு கார்மெண்டுக்குப் புறப்பட்டீர்கள். வீட்டைப் பார்க்க ஆளில்லை என்று நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். அன்றைக்குத் தண்ணீர்ப் பீலியடியில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னீர்கள்: "ரெண்டே வருசம். அம்மா நிக்கிறப்ப நான் வந்து பேர் பதிஞ்சுக்கிறேன். நீ மலைக்குப் போக வேணாம்." அதை நம்பித்தான் ஹபீலா ராத்தாவிடம் முதல் சாமான் பையை வாங்கினேன்.

நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள் என்று தெரியும். வேலை அதிகம், அவ்வளவுதான். மார்ச்சா, ஏப்ரலா?

நிரு


மேல் டிவிசன்
17.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

இந்திரகுமார் அண்ணனிடம் இரண்டு தடவை கேட்டுவிட்டேன். கடிதத்தைக் கடையில் கொடுத்ததாகவும், கடைக்காரர் உங்கள் கையில் கொடுத்ததாகவும் சொன்னார். உடம்புக்கு ஏதாவதா? கையில் ஊசி ஏறிவிட்டதா? ஒரு வரி எழுதினால் போதும்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை அம்மா கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கப் போனபோது என்னையும் கூப்பிட்டார். முழங்கால் வலி, கூட வந்தால் உதவியாக இருக்கும் என்றார். போகும்போது கதவுக்குப் பின்னாலிருந்து அந்தப் புதுப் படங்கை எடுத்து என் இடுப்பில் கட்டினார். "அக்காவுடையது, அழுக்காகிரும்" என்றேன். அம்மா இறுக்கி முடிச்சுப் போட்டார்.

அக்கா, கயிறு எனக்கு அளவாக இருக்கிறது. முடிச்சுப் போட்ட பிறகு மிச்சம் தொங்கவே இல்லை. உங்களுக்கு இது எட்டாது. நீங்கள் தைக்கும்போது அளவு தவறிவிட்டீர்களா?

மலையில் விஜயகலா அக்கா என்னைப் பார்த்து, "அடடே, கைப்பழக்கம் ஆரம்பிச்சாச்சா?" என்றார். மற்றப் பெண்களும் சிரித்தார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. நான் நாள் முழுக்க எடுத்த கொழுந்தைப் பார்த்து ஒரு அக்கா, "இத ஆட்டுக்குப் போட்டா ஆடு இன்னும் வேணும்னு கத்தும்" என்றார். அதற்கு நானும் சிரித்துவிட்டேன்.

ஆனால் வீட்டுக்கு வந்ததிலிருந்து அந்தக் கயிறுதான் ஞாபகத்தில் நிற்கிறது.

பதில் எழுதுங்கள்.

நிரு


அவிசாவளை
2.3.2025

நிருவுக்கு,

நான் சுகம். வேலை அதிகம். அளவெல்லாம் தவறவில்லை. அதைப் பற்றி நேரில் பேசலாம். அம்மா சொல்வதைக் கேட்டு நட. நீ நல்ல பிள்ளை.

அக்கா


மேல் டிவிசன்
21.3.2025

சுதர்ஷினி அக்காவுக்கு,

நீங்கள் சுகம் என்று நினைக்கிறேன்.

நேற்றுக் கந்தையா கணக்கப்பிள்ளை லயத்துக்கு வந்தார். அம்மா வேலையை விடுவதற்கு ஒரு கையெழுத்து வேண்டுமாம். நான் வாசலில் நைட்டிகளை மடித்துக்கொண்டிருந்தேன். அம்மா பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருக்கிறார் என்று கையால் காட்டினேன்.

"சரி சரி. ஏப்ரல் எட்டாந் தேதி காலம்பற பேர் கூப்பிடுற பிரட்டுக்கு நேரத்தோட வந்துரு புள்ள. ஒங்க அக்கா மாதிரி தூங்கி வழிஞ்சுக்கிட்டு வந்து நிக்கக் கூடாது" என்றார்.

அவர் திரும்பி இரண்டு அடி நடந்த பிறகுதான் எனக்கு வாய் திறந்தது. "எங்க அக்காதாங்க வருவாங்க" என்றேன்.

"எந்த அக்கா?" அவர் சிரித்தார். "அதுக்கு அங்கயே நிரந்தரமாயிருச்சாமே. தீபாவளிக்கு மறுநா ஆபீசுக்கு வந்து ஓம்பேரக் குடுத்துட்டுப் போச்சே. ஒங்கம்மாவும் பக்கத்துலதான் நின்னுச்சு. ஒங்கிட்ட சொல்லலையா?"

அவர் கேலி செய்யவில்லை அக்கா. நிஜமாகவே எனக்குத் தெரியும் என்று நினைத்திருக்கிறார்.

அம்மா குடத்தோடு வந்தார். என் முகத்தைப் பார்த்ததும் குடத்தை இறக்காமலே நின்றார். இடுப்பெல்லாம் தண்ணீர் வழிந்தது. "ஒங்கிட்ட எப்பிடிச் சொல்றதுன்னு தெரியல. காம்பரா போயிட்டா நாம எங்க போறது? நாள் கிட்ட வந்ததும் சொன்னாப் போதும், அவ எதுத்துப் பேச மாட்டான்னு ஒங்க அக்காதான் சொன்னா" என்றார்.

சாயந்திரம் விஜயகலா அக்கா வந்தார். அவரிடமும் கேட்டேன். "லயத்துல எல்லாருக்கும் தெரியும் புள்ள. ஒனக்குத் தெரியாதுங்கிறதுதான் எங்களுக்குத் தெரியாது" என்று சொல்லி என் தலையைத் தடவினார். அந்தக் கையைத் தட்டிவிட நினைத்தேன். தட்டிவிடவில்லை. அவர்கள் அந்த ஞாயிற்றுக்கிழமை மலையில் எதற்குச் சிரித்தார்கள் என்று இப்போது தெரிகிறது. நானும் கூடச் சிரித்தேனே.

பிரதேச செயலக மிஸ் சொன்னதை டிசம்பரிலேயே உங்களுக்கு எழுதினேன். தோட்டத்தில் பேர் பதிந்தால் சுயதொழில் பதிவு கிடையாது. அதை வாசித்த பிறகும், "உன் பேரையே வை, உன் உழைப்பு அது" என்று எழுதினீர்கள். அதை எழுதும்போது உங்கள் கை எப்படி ஓடியது என்று யோசித்துப் பார்க்கிறேன்.

நான் பேச மாட்டேன் என்று எல்லாரும் சொல்வார்கள். நீங்கள் சொன்னால் அதை அன்பு என்று நினைத்திருந்தேன்.

நிரஞ்சலா


அவிசாவளை
1.4.2025

என் நிருவுக்கு,

உன் கடிதத்தைச் சாப்பாட்டு நேரத்தில் வாசித்தேன். சாப்பிடவில்லை.

நான் கெட்டவள் இல்லை. இங்கே நிரந்தரமாக்கி, தையல் லைனில் ஆறு பிள்ளைகளுக்கு மேலே என்னை வைத்திருக்கிறார்கள். என்னை மிஸ் என்று கூப்பிடுகிறார்கள். மறுபடியும் விடியாத நேரத்தில் எழுந்து, அட்டை கடிக்காமல் காலில் சவர்க்காரம் பூசிக்கொண்டு, அந்தக் காட்டுக்குள் ஏற என்னால் முடியாது. அம்மா ஏறிய அதே மலையில் நானும் கிழவியாக முடியாது. பீலியடியில் சொன்னபோது உண்மையாகத்தான் சொன்னேன். பிறகு முடியவில்லை.

உனக்குப் பழகிவிடும். நீ பொறுமைக்காரி. விற்பதை ஞாயிற்றுக்கிழமையில் விற்கலாமே. நாலு நைட்டி விற்பதற்குப் பதிவு எதற்கு? அம்மாவுக்குக் காம்பரா மிஞ்சும். அதை யோசித்துப் பார்.

அந்தப் படங்கை மற்றவர்கள் சாப்பிடப் போகும் நேரத்தில் உட்கார்ந்து தைத்தேன். ஓரம் மடித்துத் தைத்தால் நனைந்தாலும் தொடையில் அறுக்காது. எனக்கு அறுத்த தழும்பு இன்னும் இருக்கிறது. உனக்கு அப்படி ஆகக் கூடாது என்றுதான் தைத்தேன். உன் இடுப்பு அளவு எனக்குத் தெரியும். சின்னதிலிருந்து உனக்குப் பாவாடை கட்டிவிட்டவள் நான்.

புத்தாண்டுக்கு வர முயற்சி செய்கிறேன். கோபத்தை வைத்துக்கொண்டிராதே. அம்மாவுக்கு என் அன்பைச் சொல்.

அக்கா


மேல் டிவிசன்
9.4.2025

அக்காவுக்கு,

அம்மா சுகம்.

நேற்றுக் காலையில் அம்மா என்னைப் பிரட்டுக்களத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். படங்கு என் கையில் இருந்தது. இடுப்பில் கட்டவில்லை. எல்லாரும் கூடையோடு வரிசையாக நின்றார்கள். கந்தையா கணக்கப்பிள்ளை ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார். கடைசியில் "நிரஞ்சலா" என்றார். நான் சும்மா நின்றேன். "வாயில்லாத புள்ள. வந்துருக்கு, போட்டுக்கிறேன்" என்று தானாகவே சொல்லிக்கொண்டு பேனையை எடுத்தார்.

"போடாதீங்க" என்றேன்.

அவருக்குக் கேட்கவில்லை. பக்கத்தில் நின்றவர்களுக்குக்கூடக் கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். இந்தத் தடவை எல்லாருக்கும் கேட்டது.

"போடாதீங்க ஐயா. பேர் குடுத்தது நான் இல்லீங்க. பேர் பதியிறேன்னு சொன்னது எங்க அக்கா. அவங்க பேரு சுதர்ஷினி. அதக் கூப்பிடுங்க."

விஜயகலா அக்கா, "ஆத்தாடி, இதுக்கு வாயி இருக்குடி!" என்றார். ஒருத்தி சிரித்தாள். கணக்கப்பிள்ளை, "இதெல்லாம் இங்க பேசுற விசயம் இல்ல. ஆபீசுல போய்ச் சொல்லு" என்றார்.

போனேன். நீங்கள் போக வேண்டாம் என்று சொன்ன ஆபீசுக்குத்தான். பெரிய கிளாக்கர் சத்தமாகத்தான் பேசினார். "அப்ப காம்பராவ விட்டுருவீங்களா?" என்று கேட்டார். நான் அழவில்லை. "எங்க அக்கா வரலைன்னா எடுத்துக்கிருங்க ஐயா. வந்தாங்கன்னா எனக்கு அந்தக் கடிதத்தக் குடுங்க" என்றேன். அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தார். மே மாதக் கடைசி வரைக்கும் பொறுப்பதாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா எனக்குத் தேத்தண்ணீர் ஊற்றித் தந்தார். ஊற்றிய பிறகு பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

காம்பரா போனால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது. அந்தப் பயத்தை இதுவரைக்கும் அம்மாவும் நானும் வைத்திருந்தோம். இனி நீங்களும் கொஞ்சம் வைத்திருங்கள்.

இன்றைக்கு ஹபீலா ராத்தாவோடு பிரதேச செயலகத்துக்குப் போய், தொழிலின் பேரை மாற்றிச் சொல்லிவிட்டு வந்தேன். நீங்கள் எழுதியபடி என் பேரையே வைத்துவிட்டேன். தோட்டத்துக் கடிதம் வந்ததும் பதிவார்கள்.

வீட்டுக்கு வந்து அந்தப் படங்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உங்கள் இடுப்பு அளவும் எனக்குத் தெரியும். இரண்டு பக்கக் கயிற்றையும் அறுத்து, நீளமான கயிறு வைத்துத் தைத்தேன். மடித்து, பேப்பரில் சுற்றி, மேலே உங்கள் பேரை எழுதினேன். ரோட்டுக்கு இறங்கிப் போய் இந்திரகுமார் அண்ணனிடம் கொடுத்துவிட்டேன்.

நிரஞ்சலா